குறுவை போனால் தாளடி இருக்கிறது! பிந்தி விளைந்த காவிரிக்கரை மனிதர்களைத் தெரியுமா?

அறுபது வயதுவரை உத்தியோகம், அதற்குப் பிறகு சாய்வு நாற்காலி, செய்தித்தாள், பேரப்பிள்ளைகள். வாழ்க்கையின் வரிசை இவ்வளவுதான் என்று நம்மில் பலர் முடிவுகட்டிவிட்டோம். “எனக்கு எதில் உயிர் என்று கண்டுபிடிக்காமலே வயசாகிவிட்டது, இனிமேல் என்ன?” என்று பெருமூச்சு விடுகிறவர்களும் ஏராளம். அவர்களைத் தஞ்சைப் பக்கம் ஒரு நடை அனுப்பிவையுங்கள்! தமிழின் முதல் நாவல், இராமாயணத்தை முழுக்கப் பாட்டாக்கிய நாடகம், தமிழிசை ஆராய்ச்சியின் மாபெரும் நூல் எல்லாமே இந்தக் காவிரி நாட்டில், பாதி வாழ்க்கையை வேறு வேலையில் கழித்தவர்களின் கையிலிருந்து பிறந்தவை.

டெல்டா விவசாயிக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை. குறுவை அறுத்ததும் வயலின் கதை முடிந்துவிடுகிறதா என்ன? அறுத்த தாளை அப்படியே மடக்கி உழுது, ஐப்பசி மழையோடு தாளடி நடுவார்கள். முதல் போகத்தின் தாள் இரண்டாம் போகத்துக்கு உரம். கீழே வரும் மனிதர்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அவர்கள் முதல் பாதி வாழ்க்கையை வீணடிக்கவில்லை. அதை மடக்கி உழுதார்கள்!

தமிழின் முதல் நாவலை எழுதியவர் ஒரு முன்சீப் என்பது தெரியுமா?

மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826இல் திருச்சி அருகே குளத்தூரில் பிறந்தவர். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளர், பிறகு மொழிபெயர்ப்பாளர், பிறகு முன்சீப். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று காவிரி கடலைத் தேடும் ஊர்களிலெல்லாம் உட்கார்ந்து வழக்குக் கேட்டார். மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள்! சொத்துத் தகராறு, மாமியார் மருமகள் சண்டை, பொய்ச்சாட்சி, தாசில் அதிகாரம், வக்கீல் சாமர்த்தியம் எல்லாவற்றையும் பெஞ்சில் அமர்ந்து காதால் கேட்டவர் அவர்.

அந்த உத்தியோகமெல்லாம் முடிந்தபின், 1879இல், 53ஆம் வயதில் அவர் வெளியிட்ட புத்தகம்தான் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. முன்மாதிரி பார்த்து எழுதத் தமிழில் அதற்கு முன் நாவலே கிடையாது! கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். வக்கீல்கள் தமிழில் வாதாட வேண்டும் என்று கதைக்குள்ளேயே வாதிடுகிறார் ஆசிரியர். நீதிமன்றத்தில் அத்தனை ஆண்டு இருந்திராவிட்டால் அந்தப் பக்கங்கள் வந்திருக்குமா? அதோடு நிறுத்தினாரா? ‘சுகுணசுந்தரி’ என்ற அடுத்த நாவல் 1887இல், அறுபதைக் கடந்தபின் வந்தது.

கம்பராமாயணத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் காசுக்கடை வைத்திருந்தவர், தெரியுமா?

1711இல் தில்லையாடியில் பிறந்து சீர்காழியில் குடியேறியவர் அருணாசலக் கவிராயர். பிழைப்புக்குக் காசுக்கடை. கம்பனிலோ ஆழங்கால்பட்ட ஞானம். ஆனால் அந்த ஞானத்தை வைத்து என்ன செய்வது என்று காலம் அவருக்குச் சொல்லாமலே வைத்திருந்தது. சட்டநாதபுரத்தைச் சேர்ந்த இரண்டு பாடகர்கள் அவரிடம் பாடம் கேட்க வந்தார்கள். “இராம கதையை எல்லாரும் பாடும்படி கீர்த்தனைகளாகச் செய்து கொடுங்கள்” என்பது அவர்கள் விண்ணப்பம். இவர் சொல் எழுத, அவர்கள் மெட்டமைக்க, பிறந்தது ‘இராம நாடகம்’. அப்போது கவிராயருக்கு வயது அறுபதை ஒட்டி! கம்பன் அரங்கேற்றிய அதே திருவரங்கத்தில் இவருடைய நூலும் அரங்கேறியது. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளையோடு சேர்த்துத் தமிழிசை மூவர் என்று இன்று நாம் வணங்கும் மூவரில் ஒருவர், அறுபது வயதில் அந்த இடத்தைப் பிடித்தவர்.

மாத்திரை விற்ற காசில் இசை மாநாடுகள் நடந்தது தெரியுமா?

இந்தக் கதையை நின்று நிதானமாகக் கேளுங்கள். ஆபிரகாம் பண்டிதர் 1859இல் தென்காசிச் சீமையின் சாம்பவர்வடகரையில் பிறந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்று, தஞ்சாவூருக்குப் பெண்கள் பள்ளித் தமிழாசிரியராக வந்தார். 1890இல் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேர சித்த வைத்தியர் ஆனார். அவருடைய கோரோசனை மாத்திரை கடல் கடந்தும் புகழ்பெற்றது. தஞ்சைக்கு வெளியே மூலிகைகளும் கரும்பும் விளையும் பெரிய தோட்டம், சொந்த அச்சகம், ராவ் சாகிப் பட்டம். ஒரு மனிதன் இவ்வளவோடு திருப்திப்பட்டு ஓய்ந்திருக்கலாம்!

அவரோ இளமையில் திண்டுக்கல்லில் கற்ற இசையை மறுபடி கையில் எடுத்தார். 1912இல், 52 வயதில், தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். 1916க்குள் ஏழு மாநாடுகள்! வித்வான்களை வரவழைத்து, தங்கவைத்து, உபசரித்து, விவாதிக்கவைத்தார். செலவெல்லாம் அவருடையது. 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தம் மகள்களோடு போய்த் தம் சுருதிக் கணக்கை விளக்கினார். ஒரு ஸ்தாயியில் 22 சுருதி என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, சிலப்பதிகாரத்தின் ஆயப்பாலை, வட்டப்பாலை வழியே கணக்குப் போட்டு 24 என்று நின்றவர் அவர்.

1917இல் வெளிவந்தது ‘கருணாமிர்த சாகரம்’. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்த நூலை அவரே எழுதி, அவருடைய அச்சகத்திலேயே அச்சிட்டார். 1919இல் அவர் மறைந்தார். இசை ஆராய்ச்சிக்கு அவர் தம்மை முழுதாகக் கொடுத்தது ஏழே ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகள் இல்லையென்றால் தமிழிசை வரலாற்றை இன்று எப்படி எழுதுவோம்?

பெரிய கோயில் விமானத்தில் அரை டன் கருவி மோதியது தெரியுமா?

தஞ்சை வெயிலில் இன்னொரு பிந்திய காதல்! வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படைவீரர் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் படை முகாம் கட்டடங்களை மேற்பார்த்துப் பல ஆண்டுகளைக் கழித்தவர். யாரும் கவனிக்காத அந்த வேலைக்கு நடுவே, பூமியின் வடிவத்தை அளப்பது எப்படி என்று தாமே படித்துக்கொண்டார். ஏறத்தாழ ஐம்பது வயதில், 1802 ஏப்ரலில், சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்து இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார்.

1808இல் தஞ்சைக்கு வந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையான நெல்வயல். மலை ஏது, குன்று ஏது? உயரத்துக்கு இராசராசன் கட்டிய விமானத்தை விட்டால் வேறு வழியில்லை. அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. கோணங்களை அளக்கும் அதன் வட்டம் நெளிந்துபோனது. இன்னொன்று வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும்! லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்தார். ஆறு வாரம். ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, மயிரிழை மயிரிழையாக இழுத்து, அந்த வட்டத்தைப் பழைய வடிவத்துக்கே கொண்டுவந்தார். அந்தக் கருவியோடுதான் பணி தொடர்ந்தது. 1823இல், வடக்கே அளந்துகொண்டே போகும் வழியில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் அவர் உயிர் பிரிந்தது.

பழைய யாழுக்கு உயிர் கொடுத்தவர் பௌதிகம் படித்தவர், தெரியுமா?

மட்டக்களப்புச் சீமையின் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞான ஆசிரியர். லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. பட்டதாரி. பிறகு துறவி, பல பள்ளிகளை நடத்தியவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். இத்தனைக்கும் நடுவில், நாற்பது வயதைக் கடந்தபின் அவரை ஆட்கொண்டது தமிழர் தொலைத்த யாழ். சங்க இலக்கியமும் சிலம்பும் தந்த சொல்லை, பௌதிகமும் கணிதமும் தந்த அளவோடு சேர்த்து நரம்பு நரம்பாக ஆராய்ந்தார். 

‘யாழ்நூல்’ எங்கே அரங்கேறியது தெரியுமா? 1947 ஜூன் 5, 6 தேதிகளில், திருவாரூர்ப் பக்கத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில்! வெளியிட்டது தஞ்சையின் கரந்தைத் தமிழ்ச் சங்கம். அதே ஆண்டு ஜூலை 19ஆம் தேதி அடிகள் மறைந்தார். இடையில் ஆறே வாரங்கள்.

53 வயதில் முதல் நாவல், 55 வயதில் நெடும்பயணம்: யார் தெரியுமா?

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்! மாயூரத்தை ஒட்டிய மூவலூர்க்காரர். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்த குலத்துக்குள் வளர்ந்து, அதை எதிர்த்தே வாழ்நாளெல்லாம் பேசியவர். மேடைப் பேச்சு போதவில்லை என்று, 1936இல், தாம் கண்ணால் கண்டதையெல்லாம் நாவலாக்கினார். ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ வந்தபோது அவருக்கு 53 வயது. வெளியிலிருந்து எவரும் எழுதியிருக்க முடியாத நாவல் அது. இரண்டு ஆண்டு கழித்து, 1938இல் இந்தி எதிர்ப்புப் படை திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தபோது அம்மையாரும் சேர்ந்து நடந்தார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்ததைக் கண்ணாரக் கண்டார். இன்று அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறதே, அந்தத் திட்டம் அவர் பெயரில்தான் உருவானது.

இருபத்தெட்டு வயதில் பார்த்த ஆட்டம் ஒரு வாழ்க்கையைத் திருப்பியது தெரியுமா?

நாட்டியத்துக்கு ஏழு வயதில் சலங்கை கட்ட வேண்டும் என்பார்கள். ருக்மிணி தேவி 1933இல் சென்னை மியூசிக் அகாடமியில் பந்தநல்லூர்ச் சகோதரிகளின் ஆட்டத்தைப் பார்த்தபோது அவருக்கு 28 வயது. பார்த்தார், மயங்கினார், கற்றே தீருவேன் என்று இறங்கினார். 1935 டிசம்பர் 30இல், 31 வயதில் முதல் மேடை. அடுத்த மாதமே கலாக்ஷேத்ரா!

அவருக்குக் கற்பித்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அப்போது வயது 66. வழிவழியாக ஒரு வட்டத்துக்குள் மட்டுமே இருந்த கலையை, அந்த வயதில், வெளியிலிருந்து வந்தவர்களுக்கு மனம் திறந்து கொடுத்தார். ராம் கோபாலும் மிருணாளினி சாராபாயும் பின்னால் அவரிடம் வந்தார்கள். மாணவி பிந்தி வந்தார். ஆசானோ அறுபதுக்கு மேல் புதிய உலகத்துக்கு ஆசானானார்!

திருவையாற்றையும் விடலாமா? பெங்களூர் நாகரத்தினம்மாள் கச்சேரியில் பொருளும் புகழும் ஈட்டியவர். தியாகராஜரின் சமாதி கேட்பாரற்றுக் கிடக்கிறது என்ற சேதி தம் குருநாதரிடமிருந்து வந்ததும், அதுவே அவர் வாழ்க்கையானது. 1921இல், 42 வயதில், கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். 1925இல் குடமுழுக்கு. பெண்கள் பாட இடமில்லாத ஆராதனையில் அவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். ஆண்டுதோறும் பஞ்சரத்தினம் ஒலிக்கும் காவிரிக்கரையில், சமாதியைப் பார்த்தபடி அவருடைய நினைவிடமும் இருக்கிறது.

சோழர் காலக்கணக்கைப் பேருந்து நிறுவனக்காரர் ஒருவர் ஆராய்ந்தது தெரியுமா?

கும்பகோணத்து ராமன் அண்டு ராமன் பேருந்துகளைப் பழைய தஞ்சை மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நிறுவனத்தைச் சேர்ந்த என். சேதுராமன், கல்வெட்டில் வரும் ஆட்சியாண்டு, திதி, நட்சத்திரம், கிழமை இவற்றை வானியல் கணக்கோடு பொருத்தி எந்த மன்னர் எப்போது ஆண்டார் என்று வரையறுத்தார். சோழர் காலவரிசை பற்றிய அவருடைய நூல் 1977இல் வந்தது. அடுத்த ஆண்டு பாண்டியர் பற்றிய நூல். கல்வெட்டறிஞர்கள் மேற்கோள் காட்டும் பெயர்களில் அவர் பெயரும் ஒன்று!

ஐம்பத்தைந்து வயதில் ஓர் இயக்கம் தொடங்கி, 82இல் உலக விருது: யார் தெரியுமா?

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் குடிசைக்குள் அடைபட்டு 44 உயிர்கள் எரிந்தன. கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிகளின் குடும்பங்கள். செய்தி கேட்டு ஓடிவந்தார்கள் சர்வோதயத் தொண்டர்கள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். 1926இல் பிறந்த கிருஷ்ணம்மாளுக்கு அப்போது 42 வயது. வந்தவர் ஆறுதல் சொல்லித் திரும்பிப் போகவில்லை. இந்த மண்ணிலேயே தங்கிவிட்டார். உழுகிறவர் கையில் நிலம் இல்லாதவரை இந்தத் தீ அணையாது என்று கண்டுகொண்டார்.

1981இல், 55 வயதில், லாப்டி என்ற உழுபவர் நில உரிமை இயக்கம். மிராசுதாரரிடம் விலை பேசி, வங்கிக் கடன் வாங்கி, நிலமற்ற தலித் பெண்களின் பெயரிலேயே பட்டா. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சொந்த வயல்! கடலோரத்தில் இறால் பண்ணைகள் நெல்வயலை உப்பாக்கத் தொடங்கியபோது உச்சநீதிமன்றத்துக்குப் போனவர் எண்பதை ஒட்டிய வயதில் இருந்த ஜெகந்நாதன். 1996 டிசம்பர் 11இல் வந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மைல்கல். 2008இல் கிருஷ்ணம்மாளுக்கு ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிடைத்தபோது வயது 82. அதற்குப் பிறகும் குடிசைவாசிகளுக்குக் கல்வீடு கட்டுவதே அவர் கவலை. 2020இல் பத்மபூஷண்.

ஒரு நடைப்பயணம் 174 நெல் ரகங்களைக் காப்பாற்றியது தெரியுமா?

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இளங்காட்டில் 1938இல் பிறந்தவர் கோ. நம்மாழ்வார். வேளாண்மைப் பட்டம் பெற்று, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் அரசு உத்தியோகம் பார்த்து, இது உழவனுக்கு உதவாது என்று உதறினார். தேடித் தேடி இயற்கை வேளாண்மைக்கு வந்து சேர்ந்தவர், 2003இல், 65 வயதில், பூம்புகாரிலிருந்து கல்லணைக்கு நடந்தார். 71 வயதில் கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் ‘வானகம்’ தொடங்கினார்.

அந்த நடைப்பயணத்தில் சேர்ந்தவர்களில் ஒருவர் நுகர்வோர் அமைப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த, முப்பதுகளின் நடுவில் இருந்த ஜெயராமன். வழியில் உழவர்களிடம் கிடைத்த ஒரு கைப்பிடிப் பழைய விதைநெல் அவரைப் பிடித்துக்கொண்டது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா. இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், விலை அதுதான்! மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருங்குறுவை, காட்டுயானம் எல்லாம் மறுபடி வயலேறின. 2018 டிசம்பரில் அவர் மறையும்போது மீட்ட ரகங்கள் 174. ஊர் அவருக்கு ‘நெல்’ என்றே முன்பெயர் சூட்டியிருந்தது.

‘என் சரித்திரம்’ எந்த வயதில் தொடங்கியது தெரியுமா?

உ.வே.சா.வுக்கு 25 வயது. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர். எத்தனை பிரபந்தம், எத்தனை புராணம் படித்திருக்கிறேன் என்று அடுக்கினார். ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், “சரி, சீவக சிந்தாமணி படித்ததுண்டா?” என்று கேட்டார். ஒரே கேள்வி! கற்றதெல்லாம் கரை மட்டுமே, கடல் இனிமேல்தான் என்று தெரிந்தது. 1887இல் சிந்தாமணி, 1892இல் சிலம்பு, 1894இல் புறநானூறு என்று ஏடுகளை அச்சேற்றினார்.

அதைவிட வியப்பு பின்னால் வருகிறது. தம் ஆசிரியர் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை அவர் வெளியிடத் தொடங்கியது 78 வயதில். ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் தொடங்கியது 1940 ஜனவரியில், 84 வயதில்! ஏடுகளைப் பதிப்பித்த கை, அந்த வயதில் தமிழின் ஆகச் சிறந்த தன்வரலாறுகளில் ஒன்றை எழுதியது.

உலகமும் விஞ்ஞானமும் இதற்குச் சாட்சி சொல்வது தெரியுமா?

தாகூர் தம் ஓவியங்களை முதன்முதலாகப் பாரிசில் காட்சிக்கு வைத்தது 1930இல், 69ஆம் வயதில். கையெழுத்துப் பிரதியின் அடித்தல் திருத்தல்களில் கிறுக்கிக் கிறுக்கி வளர்ந்த கலை அது! அமெரிக்கப் பண்ணைக்காரப் பாட்டி அன்னா மேரி மோசஸ் 78 வயதில் தூரிகை எடுத்து, 101 வயதில் மறையும்வரை ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் வரைந்தார். மூளையின் எல்லாத் திறனும் இருபதில் உச்சம் தொட்டு இறங்கிவிடுவதில்லை. வேகம் முந்தி வருகிறது, சொல்வளமோ அறுபதுக்கு மேலும் ஏறுகிறது என்று 2015இல் ஹார்ட்ஷோர்ன், ஜெர்மைன் என்ற ஆய்வாளர்கள் பல்லாயிரம் பேரைச் சோதித்துக் காட்டினார்கள்.

இன்னோர் ஆய்வு நம் நெஞ்சைத் தொடும். பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் மூவரும் 2018இல் வெளியிட்டது. மாணவர்களுக்குக் கருந்துளைகள் பற்றிய அழகான படம் ஒன்றைக் காட்டினார்கள். எல்லாருக்கும் ஆர்வம் பொங்கியது. பிறகு அதே பொருளில் கடினமான கட்டுரையைக் கொடுத்தார்கள். வேட்கை என்பது உள்ளே ஏற்கெனவே இருக்கும், கண்டுபிடித்தால் போதும் என்று நம்பியவர்களின் ஆர்வம் சட்டென்று வடிந்தது. வேட்கையை வளர்த்தெடுக்க வேண்டும் என்று நம்பியவர்கள் தாக்குப்பிடித்தார்கள்!

இத்தனை பேருக்கும் பொதுவான ஒன்று தெரியுமா?

இவர்களில் பலருக்கு வேட்கை தனிமையில் கண்மூடி யோசித்ததால் வரவில்லை. வெளியிலிருந்து ஒரு வேண்டுகோளாக, கேள்வியாக, கடிதமாக, ஒரு நடனமாக, ஒரு கைப்பிடி விதையாக, ஒரு கொடுமையாக வந்து கதவைத் தட்டியது. தட்டியபோது, கையில் ஏற்கெனவே இருந்ததை வைத்தே அவர்கள் பதில் சொன்னார்கள். முன்சீப்புக்கு வழக்குகள், வைத்தியருக்கு மாத்திரைக் காசு, விஞ்ஞான ஆசிரியருக்குக் கணக்கு, அம்மையாருக்குத் தாம் பட்ட வாழ்க்கை. பட்டது எதுவும் வீண்போகவில்லை, கற்றது எதுவும் கழியவில்லை.

ஆகவே உங்கள் வயதை எண்ண வேண்டாம். இத்தனை ஆண்டும் உங்கள் கை எதைப் பழகியிருக்கிறது என்று எண்ணுங்கள். வங்கியில் முப்பது ஆண்டு கணக்குப் பார்த்தவரிடம் ஊர்க் கோயிலின் பழைய வரவுசெலவு ஏடுகள் பேசும். அடுப்படியில் நாற்பது ஆண்டு நின்றவர் நாக்கில் எந்தப் புத்தகத்திலும் ஏறாத பக்குவங்கள் இருக்கும். நாற்றங்காலில் குனிந்தவருக்கு எழுதப்படாத நடவுப் பாட்டு தெரியும். பேத்தியோ பக்கத்து வீட்டுப் பையனோ வந்து “இது உங்களுக்குத் தெரியுமா, எனக்குச் சொல்லித் தருவீர்களா?” என்று கேட்டால், “இந்த வயசில் எதுக்கு?” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சரி என்று சொல்லுங்கள். கடினமாக இருக்கும் முதல் சில மாதங்களைத் தாண்டுங்கள்!